அடுத்தவரின் கமராவைத் தொடாமல் பழக்குவது

யாழ்ப்பாணத்தில் எங்கள் கமராக் கழகத்துக்குப் புதிதாக வருகிறவர்களை ஏற்கெனவே இருக்கும் ஒருவருடன் சோடியாக்கி விடும் வேலையை நானும் இன்னும் இரண்டு பேரும் பொறுப்பெடுத்துச் செய்து வருகிறோம். அதில் எது சரிவந்தது, எதை மாற்ற வேண்டி வந்தது, என்ன சாமான் தேவைப்பட்டது என்பதை, வேறு ஊர்களில் இப்படித் தொடங்க நினைப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முன்பு நடந்தது இதுதான். மாதக் கூட்டத்துக்கு ஒருவர் புதுக் கமராவோடு வருவார். முன்னால் நிற்பவர் அப்பேர்ச்சர் (லென்ஸ் திறக்கிற அளவு), ஷட்டர் (திறந்திருக்கிற நேரம்), ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) என்று முக்கோணம் கீறி விளக்குவார். பிறகு திரையில் நல்ல நல்ல படங்களாக ஓடும், எல்லோரும் கைதட்டுவோம். புதியவர் கடைசிக் கதிரையில் இருந்து பார்த்துவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல், தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். கொஞ்சக் காலத்தில் ஆளைக் காணக் கிடைக்காது. விளக்கத்தில் பிழையில்லை. ஆனால் அவர் கொண்டுவந்த சிக்கல் அந்த முக்கோணத்துக்குள் இல்லை. தங்கச்சியின் கலியாணவீட்டில் எடுத்த படங்களில் குறுக்கே கறுப்புக் கோடு கோடாய் விழுந்திருக்கும், அது ஏன் என்று மட்டும்தான் அவருக்குத் தெரிய வேண்டும். மண்டபம் நிறைய ஆட்கள் இருக்க எழும்பி நின்று அதைக் கேட்க யாருக்கு மனம் வரும்?

அதனால்தான் சோடி. ஆரம்பத்தில் கமரா வகையைப் பார்த்துச் சேர்த்தோம், கெனன் வைத்திருப்பவருக்குக் கெனன்காரர், நிக்கோனுக்கு நிக்கோன்காரர். அதிலும் நியாயம் இருக்கிறது, லென்ஸ் பூட்டும் திசையே இரண்டுக்கும் எதிரெதிர், மெனுவும் வேறு, பொத்தான் இருக்கிற இடமும் வேறு. ஆனால் மெனு ஒரு பின்னேரத்தில் பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு ஒருவர் பறவைக்குப் பின்னால் போகிறவர், மற்றவர் வீட்டு விசேசம் எடுக்க விரும்புகிறவர் என்றால் இருவருக்கும் கதைக்க ஒன்றும் இருக்காது. மற்றது தூரம். பருத்தித்துறையில் இருப்பவரையும் வேலணையில் இருப்பவரையும் சோடியாக்கிவிட்டு, சூரியன் எழும்ப முதல் இரண்டு பேரும் ஓரிடத்தில் நில்லுங்கோ என்றால் அது நடக்கிற காரியமா? ஆகவே இப்போது வடமராட்சி, தென்மராட்சி, வலிகாமம், தீவுப்பகுதி என்று முதலில் இடத்தைப் பார்க்கிறோம். அதற்குப் பிறகு ஓய்வு நேரம், பிறகு விருப்பம், கடைசியில்தான் கமரா.

விண்ணப்பத் தாளில் ஒரே ஒரு கேள்விதான் வைத்திருக்கிறோம்: எடுக்க ஆசைப்பட்டும் வராத படம் எது? பெயர், ஊர், கமரா எல்லாம் மேலே ஒரு வரியில் முடிந்துவிடும், மிச்சத் தாள் முழுக்க இந்தக் கேள்விக்கு. "உங்கள் நிலை என்ன, ஆரம்பமா நடுத்தரமா" என்று கேட்டால் எல்லோரும் ஆரம்பம் என்று எழுதிவிட்டுப் போவார்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இந்தக் கேள்விக்கு வருகிற பதில்கள் வேறு மாதிரி. "அம்மம்மா விறாந்தையில இருக்கேக்க எடுத்தா முகம் கறுத்துப்போகுது." "சைக்கிள்ல போறவை தெளிவா வரவேணும், பின்னால இருக்கிறது கலங்கவேணும்." "கண்ணுக்குத் தெரியிற நிலாவைப் படத்தில காணேல்ல." இந்த வரிகளை வாசித்தவுடனேயே இன்னாருக்கு இன்னாரைச் சேர்த்துவிடலாம் என்று தெரிந்துவிடும்.

பழக்குகிறவர் பெரிய கெட்டிக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. கிட்டடியில் அதே இடத்தில் முட்டுப்பட்டு வெளியே வந்தவர்தான் நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார் என்பது என் உறுதியான அபிப்பிராயம். இருபது வருடமாகக் கலியாணம் எடுப்பவருக்கு விரல் தானாகவே சில்லைத் திருப்பிவிடும், ஏன் திருப்பினீர்கள் என்று கேட்டால் சொல்ல வராது. போன வருடம் தடுமாறியவருக்கு ஒவ்வொரு படியும் ஞாபகம் இருக்கும். தெரியாத கேள்வி வந்தால் "எனக்குத் தெரியேல்ல, கேட்டுச் சொல்லுறன்" என்று சொல்வதற்கும் அவர் பின்னிற்க மாட்டார்.

சோடிகளுக்கு நாங்கள் வைத்த கட்டுப்பாடுகள் கொஞ்சம்தான். அதில் தளர்த்தவே கூடாதது, அடுத்தவரின் கமராவைக் கையில் வாங்கக் கூடாது என்பது. "இஞ்ச தாங்கோ" என்று வாங்கி, இரண்டு பொத்தானை அமத்தி, சரியாக்கித் திருப்பிக் கொடுத்தால் அந்தப் படம் சரியாக வரும். அடுத்த நாள் அவர் தனியே நிற்கும்போது எந்தப் பொத்தான் என்று தெரியாது. வாயால் சொல்ல வேண்டும், அவர் விரலால் தேட வேண்டும். நேரம் எடுக்கும், பக்கத்தில் நிற்பவருக்குக் கை துறுதுறுக்கும், வெளிச்சம் போய்க்கொண்டிருக்கும், இருந்தாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்கிறோம்.

இதனால் வந்த பலனை ஒரு நாள் குருநகர்ப் பக்கம் கிட்ட நின்று பார்த்தேன். இளைப்பாறிய ரீச்சர் ஒருவர், அவருக்குச் சோடி திருநெல்வேலியில் கம்பசில் படிக்கிற தம்பி. ரீச்சரின் தாளில் "படம் தெளிவாயில்லை, லென்ஸ் பழுது போல" என்று எழுதியிருந்தது. லென்ஸை விற்றுவிட்டு வேறு வாங்கும் யோசனையில் இருந்தார். கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டுவிட்டுப் படமெடுக்கத் தொடங்கினார். கண்ணில் கமராவை வைப்பதும், போகஸ் வளையத்தைக் கையால் திருப்புவதும், எடுத்த படத்தைத் திரையில் பார்ப்பதும், உதட்டைப் பிதுக்குவதுமாக இருந்தார். தம்பி வேறு எதுவும் சொல்லவில்லை.

"ரீச்சர், வலையைப் பாக்காதேங்கோ. உள்ளுக்கை கீழ ஒரு வரியில எழுத்து ஓடுதெல்லே, அந்த எண்கள் தெளிவாத் தெரியுதோ?"

"அது எப்பவும் மங்கல்தானே தம்பி."

"அப்ப கண் வைக்கிற ரப்பருக்குப் பக்கத்தில வலப்பக்கமாத் தடவிப் பாருங்கோ, சின்னச் சில்லொண்டு இருக்கும்."

ரீச்சர் தடவினார். நகத்தால் நெருடித் திருப்ப வேண்டிய அளவு சின்னச் சில்லு அது. ஒரு பக்கம் திருப்ப இன்னும் கலங்கியது, மற்றப் பக்கம் திருப்பத் திருப்ப எண்கள் கூர்மையாகி ஓரிடத்தில் நின்றன. கமராவை இறக்கிவிட்டுத் தம்பியைப் பார்த்தார், திரும்பவும் கண்ணில் வைத்தார். உள்ளே தெரிவதைக் கண்பார்வைக்கு ஏற்றபடி சரிசெய்கிற டயோப்டர் சில்லு அது. லென்ஸில் ஒரு குறையும் இருக்கவில்லை. உள்ளே எப்போதும் மங்கலாகத் தெரிந்ததால், தானாகப் போகஸ் ஆனதையும் நம்பாமல் கையால் திருப்பிக் குழப்பிக்கொண்டிருந்திருக்கிறார். அந்தச் சில்லு தம்பிக்குத் தெரிந்ததற்குக் காரணம் அவரும் புதிதாய்க் கண்ணாடி போட்டவர்.

அதற்குப் பிறகு கண்ணாடி போடுகிற எல்லோருக்கும் முதல் சந்திப்பிலேயே இதைப் பார்க்கச் சொல்கிறோம். இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: எந்தக் கண்ணாடியோடு படமெடுக்கிறீர்கள், வாசிக்கிறதோடா தூரத்துக்குப் போடுகிறதோடா? ஒன்றைத் தீர்மானித்து அதற்கே சில்லை வைத்துக்கொள்ள வேண்டும், மாறி மாறிப் போட்டால் மறுபடி மங்கல்தான்.

அடுத்தது, நான் மிகவும் நம்புகிற விசயம். சோடிகள் சந்திக்கும்போது நல்ல படத்தைத் தெரிந்தெடுத்துக் காட்டக் கூடாது, கார்டில் இருக்கிற முழுவதையும், எடுத்த ஒழுங்கிலேயே, ஒன்றையும் அழிக்காமல் பார்க்க வேண்டும். முந்தி பிலிம் கழுவிய காலத்தில் ஒரு சுருளில் இருந்த 36 படத்தையும் ஒரே தாளில் சின்னதாக அடித்துப் பார்ப்பார்கள். அதே முறைதான் இதுவும். திரையில் ஓடுகிற ஒரு நல்ல படம், எடுத்தவர் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார் என்று சொல்லாது. முழு வரிசையைப் பார்த்தால், ஆள் எங்கே நின்றார், எப்போது பயந்தார், எதைக் கண்டும் விட்டுவிட்டார் என்பது எல்லாம் தெரியும்.

சும்மா சொல்லவில்லை, ஒரு உதாரணம் தருகிறேன். பாசையூர் மீன் சந்தையில் ஒருவர் எடுத்த படங்களை லப்டொப்பில் போட்டுப் பார்த்தோம். படத்தின் விபரத்தில் லென்ஸ் எத்தனை மில்லிமீற்றரில் நின்றது என்று வருமல்லவா, அதை மட்டும் வாசித்துக்கொண்டு போனார் அவருடைய சோடியான அக்கா. 18, 55, 55, 18, 18, 55. நடுவில் ஓர் எண்ணும் இல்லை. நின்ற இடத்தில் நின்றபடியே ஒன்றில் முழுதாய் அகட்டுவது, இல்லாவிட்டால் முழுதாய் இழுப்பது. கால் நகரவேயில்லை. அக்கா அவருக்குக் கொடுத்த வேலை, சூமை 35இல் வைத்து வளையத்தின்மேல் ரேப் ஒட்டிவிட்டு ஒரு சந்தை நேரம் முழுக்க நடக்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்த கார்டில் மீன் வெட்டுகிறவரின் கையும் கத்தியும் கிட்டத்தில் வந்திருந்தன, ஒரு பெட்டிக்குக் கீழே குந்தியிருந்து எடுத்த படமும் இருந்தது.

இன்னொருவரின் வரிசையில், ஆள் நிமிர்ந்து பார்த்த படத்தோடு எல்லாத் தொடரும் நின்றுபோயிருந்தது. பார்வை பட்டதும் கமராவை இறக்கிவிட்டு நடந்திருக்கிறார். அதற்கு ஷட்டரும் ஐஎஸ்ஓவும் என்ன செய்யும்? அவருடன் அடுத்த முறை போனவர், படத்துக்கு முதல் பத்து நிமிடம் அந்த மனிதரோடு இருந்து கதைக்க வைத்தார். அதுவும் பழக்கம்தான்.

பார்க்கும்போது பேசுகிற முறையும் முக்கியம். "இது பிழை, இப்பிடி எடுத்திருக்கவேணும்" என்று தொடங்கினால் அடுத்த சந்திப்புக்கு வரமாட்டார், வந்தாலும் பாதியை அழித்துவிட்டு வருவார். "இதில எதைக் கண்டு நிண்டனீங்கள்?" என்று கேட்டால் அவரே சொல்வார். அவர் சொன்னது படத்தில் இருக்கிறதா என்று இருவரும் தேடுவது, இல்லையென்றால் எங்கே தொலைந்தது என்று பார்ப்பது. பழக்குகிறவரின் ருசி இதற்குள் நுழையக் கூடாது. நிறத்தைக் கூட்டி, ஓரத்தை இருட்டாக்கி, எல்லாப் படத்தையும் தன்னுடையது மாதிரி ஆக்கிவிடுகிற பழைய உறுப்பினர்கள் எங்களிடமும் உண்டு, அவர்களிடம் நேரேயே சொல்லிவிடுகிறோம்.

சரி, தொழில்நுட்பப் பக்கம். எங்கள் ஊருக்கு அடிக்கடி தேவைப்படுவதை மட்டும் சொல்கிறேன்.

வெள்ளை. நல்லூர்த் திருவிழா 25 நாள், 24ஆம் நாள் தேர். கோயிலுக்குள் படம் எடுக்க விடமாட்டார்கள், எங்கள் ஆட்கள் எடுப்பதெல்லாம் வெளிவீதியில்தான். வெள்ளை மணல், வெள்ளை வேட்டி, காலை வெயில். கமரா தன் முன்னால் இருப்பது எல்லாம் நடுச் சாம்பல் என்று கணக்குப் போடும், ஆகவே வெள்ளை நிறைந்த படத்தை இருட்டாக்கி வேட்டியைச் சாம்பலாக்கிவிடும். வெளிச்சத் திருத்தத்தைக் கூட்ட வேண்டும், +1இல் தொடங்கி ஹிஸ்டோகிராமைப் (இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டுகிற வரைபடம்) பார்த்து ஏற்றி இறக்கலாம், அது வலது ஓரத்தில் முட்டிச் செங்குத்தாக நிற்கக் கூடாது. கறுத்த ஆட்டுக்குட்டி படம் முழுக்க நின்றால் இதற்கு எதிர்மாறு, குறைக்க வேண்டும். வெள்ளைக்குக் கூட்டு, கறுப்புக்குக் குறை என்பது புதியவருக்கு முதலில் தலைகீழாகத்தான் படும், ஏனென்றால் வெள்ளை ஏற்கெனவே வெளிச்சம்தானே என்று நினைப்பார்கள். வாயால் சொல்லி விளங்க வைக்க மினக்கெட வேண்டாம். ஒரு வெள்ளைச் சுவர், ஒரு கறுத்தக் குடை, இரண்டையும் படம் நிறைய எடுக்கச் சொல்லுங்கள், திரையில் இரண்டும் ஒரே சாம்பலாக நிற்கும். அதற்குப் பிறகு மறக்கமாட்டார்கள்.

விறாந்தை அம்மம்மாவுக்கும் இதே கணக்குத்தான், பின்னால் முற்றத்து வெயில் இருப்பதால் முகம் கறுக்கிறது. கூட்டினால் முகம் தெரியும், முற்றம் வெளிறும். அதைவிட நல்ல வழி, கதிரையைத் திருப்பி அவவை முற்றத்தைப் பார்க்க இருத்திவிட்டு நீங்கள் முற்றத்துப் பக்கம் வருவது. கூரை நிழலில் விழுகிற அந்த வெளிச்சத்தைப் போல முகத்துக்கு நல்ல வெளிச்சம் வேறு கிடையாது.

கலியாணவீட்டுக் கறுப்புக் கோடு. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், மலிவான எல்ஈடி விளக்குகள் அதனால் விநாடிக்கு 100 தடவை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது. ஷட்டரை 1/500, 1/1000 விநாடி என்று வைத்தால், அதுவும் சத்தமில்லாத எலெக்ட்ரோனிக் ஷட்டரில், மினுங்கல் கோடாக விழும். 1/100 அல்லது 1/50க்கு இறங்கி, மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றினால் பெரும்பாலும் போய்விடும். இதற்குச் சோடிகள் வீட்டு விளக்கொன்றுக்குக் கீழேயே நின்று, ஷட்டரை மட்டும் மாற்றி மாற்றிப் பார்த்தால் போதும்.

சைக்கிள்காரருக்குப் பண்ணைப் பாலத்து வீதி. ஷட்டர் 1/30, வருகிறவரைத் தூரத்திலேயே பிடித்து, இடுப்பிலிருந்து மேலே மட்டும் திரும்பி, அமத்திய பிறகும் திருப்புவதை நிற்பாட்டாமல் தொடர வேண்டும். எடுத்ததில் கனக்கப் படம் கலங்கத்தான் செய்யும் என்பதை முதலே சொல்லிவிடுங்கள்.

இனி உப்பும் ஈரமும். மூன்று பக்கமும் கடல் இருக்கிற ஊரில் கமராவைத் தோல் பைக்குள் போட்டு அலுமாரியில் பூட்டி வைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிப்பது நிச்சயம். டோர்ச்சை ஒரு பக்கத்தால் அடித்து மற்றப் பக்கத்தால் பார்த்தால் சிலந்திவலை நூல் மாதிரித் தெரியும். கண்ணாடியின் பூச்சை ஒருமுறை தின்றுவிட்டால் துடைத்தாலும் தழும்பு போகாது. உலர்பெட்டி விலைக்கு இருக்கிறது, எல்லோராலும் முடியாது. ஆகவே சோடிகளின் முதல் வேலைகளில் ஒன்றாக ஆளுக்கொரு பெட்டி செய்கிறோம். ரப்பர் வளையத்தோடு இறுக்கிப் பூட்டுகிற பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீற்றர். ஈரப்பதம் 40 வீதத்துக்கும் 50 வீதத்துக்கும் இடையில் நிற்க வேண்டும், அதிகம் காய்ந்தாலும் ரப்பருக்கும் எண்ணெய்க்கும் நல்லதல்ல. ஜெல்லில் செம்மஞ்சள் வகையை வாங்குங்கள், ஈரம் ஏற ஏறப் பச்சையாகும். நீல வகையில் கோபால்ட் சேர்ந்திருக்கிறது, அது உடம்புக்குக் கூடாது. பச்சையானதை 120 பாகை செல்சியஸுக்கு மேல் போகாமல் அவணில் இரண்டு மணித்தியாலம் வைத்தால் பழைய நிறத்துக்கு வரும். அவண் இல்லாதவர்கள் பழைய தாச்சி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி மெல்லிய நெருப்பில் கிண்டுகிறார்கள், அந்தத் தாச்சியில் பிறகு சமைக்கக் கூடாது. ஜெல்லுக்குப் பதில் அரிசி போடச் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள், அதன் தூள் லென்ஸ் வளையத்துக்குள் போய்விடும், வேண்டாம்.

கடற்கரையில் நின்று லென்ஸ் மாற்றக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியைப் பிழிந்து கமராவின் வெளிப்பக்கத்தைத் துடைத்து உப்பை எடுத்துவிட்டுக் காயவிட்ட பிறகுதான் பெட்டிக்குள். படம் பதிகிற சென்சரில் தூசி இருக்கிறதா என்று பார்க்க, அப்பேர்ச்சரைச் சின்னதாக்கி எஃப் 16இல் வெறும் வானத்தை எடுத்துப் பாருங்கள். புள்ளி தெரிந்தால் ரப்பர் ஊதியால் ஊதலாம், வாயால் ஊதவே கூடாது.

கமரா நுட்பத்துக்கு வெளியே சொல்லிக்கொடுக்க வேண்டியதும் இருக்கிறது, இதைப் பழைய உறுப்பினர்தான் சொல்ல வேண்டும். படைமுகாம், காவலரண் பக்கம் கமராவைத் தூக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து சேர்கிற பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்காது. சாதாரண சனத்தையும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். இங்கே படம் எடுக்க வேண்டாம் என்று ஒருவர் கையைக் காட்டினால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எங்களுக்கு ஓரளவு தெரியும், காரணம் கேட்கக் கூடாது, வணக்கம் சொல்லிவிட்டு நகர வேண்டும். மாரியில் மண்டைதீவு, அராலிப் பக்கக் களப்புகளுக்குப் பூநாரை வரும்போது, பறக்கிற படம் வேண்டும் என்பதற்காகக் கூட்டத்தைக் கலைக்கிறவரை அடுத்த சுற்றில் சேர்க்கமாட்டோம் என்று முதலே சொல்லிவிடுகிறோம். இரை தேட வந்த இடத்தில் அவை எழும்பி எழும்பிக் களைத்தால் யார் பொறுப்பு?

பெண்பிள்ளைகள் விடிய வெள்ளண வெளிக்கிடுவதற்கு வீட்டில் தயங்குவது இங்கே இயல்பு. அதற்காக அவர்களை மத்தியானப் படங்களோடு நிறுத்திவிடுவது நியாயமில்லை. இரண்டு சோடிகள் சேர்ந்து நாலு பேராகப் போவது, அதில் ஒரு அக்காவோ ரீச்சரோ இருப்பது, போகும் இடத்தை வீட்டில் சொல்லிவிடுவது என்று ஒழுங்கு செய்த பிறகு, கசூரினா கடற்கரைக்கும் குறிகட்டுவான் துறைக்கும் போன கூட்டத்தில் பாதிக்கு மேல் அவர்கள்தான்.

ஒரு சோடி மூன்று மாதம். அதற்குப் பிறகு பிரித்துவிடுகிறோம், நன்றாகப் போனாலும். பழகியவர் உடனேயே அடுத்த புதியவருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். "எனக்கே இன்னும் வடிவாத் தெரியாது" என்று எல்லோரும் பின்வாங்குவார்கள், அவர்களுக்கு நாங்கள் கொடுப்பது ஒரே வேலைதான், தனக்கு விளங்கிய ஒன்றை மட்டும் சொல்லிக் கொடுங்கள். டயோப்டர் ரீச்சர் இப்போது சாவகச்சேரியிலிருந்து வருகிற இரண்டு பேருக்குக் காட்டுகிறார். முழுக் கார்டையும் பார்க்கிற விசயத்தில் அவர்தான் எங்களில் ஆகக் கண்டிப்பு, இடையில் படத்தின் இலக்கம் ஒன்று குறைந்தால் "எங்க மற்றது?" என்று கேட்டுவிடுவார். முப்பது வருடம் கொப்பி திருத்திய கண் அல்லவா.

இன்னும் ஒழுங்காகாமல் இருப்பது போன்காரர்களின் விசயம். கமரா இல்லாமல் போனோடு வருகிறவர்கள் கூடிக்கொண்டு போகிறார்கள், அவர்களையும் சேர்க்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, வெளிச்சத்தையும் நிற்கிற இடத்தையும் பழக போன் தாராளம். திரையில் விரலை அமத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் போகஸும் வெளிச்சமும் பூட்டப்படும், அதன்பிறகு மேலே கீழே இழுத்தால் வெளிச்சம் கூடிக் குறையும், வேட்டிக் கணக்கையும் விறாந்தைக் கணக்கையும் இதிலேயே காட்டிவிடலாம். சிக்கல் என்னவென்றால் போனில் எடுத்த கையோடு அழித்துவிடுகிற பழக்கம், முழு வரிசை கிடைப்பதில்லை. அடுத்த சுற்றில் போன்காரர்களுக்குத் தனியாக ஒரு அல்பம் திறந்து, நடை முடியும்வரை எதையும் அழிக்காமல் அதற்குள்ளேயே விடச் சொல்லிப் பார்க்கப் போகிறோம். தீவுப்பகுதியில் பழக்குகிறதற்கு இன்னும் ஆள் காணாது, வேலணை, புங்குடுதீவுப் பக்கம் இருப்பவர்கள் யாராவது கை கொடுத்தால் அங்கேயும் தொடங்கிவிடலாம்.